பிள்ளை பேசாததற்குத் தாய் காரணமா? மூளைப் புறணி உருவாகும் விதம்

மூன்று வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் என்ன நடக்கும் என்பது இங்கே வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். வசம்பை உரைத்து நாக்கில் தடவுவார்கள். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும். இவன் மாமனும் நாலு வயசுலதான் வாயைத் தொறந்தான்" என்று பாட்டி சொல்வார். இத்தனையும் செய்து பார்த்தும் பேச்சு வரவில்லை என்றால் எல்லோர் பார்வையும் தாய் மேல் திரும்பும். மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனாள், செல்போனைக் கொடுத்தே வளர்த்தாள், கம்பெனி வேலைக்குப் போய்விட்டுப் பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை என்பார்கள்.

தாய் மேல் விழும் இந்தப் பழிதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் சிரமம் தரும் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு, சிறுவயதிலேயே தொடங்கும் சில வகை வலிப்பு ஆகியவற்றை மருத்துவர்கள் நரம்பு வளர்ச்சிக் கோளாறுகள் என்று ஒரே தலைப்பில் வைக்கிறார்கள். இவற்றில் பலவற்றின் வேர், மூளையின் மேற்பரப்பான பெருமூளைப் புறணி உருவாகும் விதத்தில் இருக்கிறது. அந்தப் புறணி எந்த மாதத்தில் எப்படி அமைகிறது என்று தெரிந்துகொண்டால் யார் மேல் பழி போடக் கூடாது என்பது விளங்கும். எந்த இடத்தில் நாளைக் கடத்தக் கூடாது என்பதும் விளங்கும்.

இது எங்கோ ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. இந்தியாவில் ஐந்து இடங்களில் பிள்ளைகளைப் பரிசோதித்த பெரிய ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. பார்வை, செவித்திறன் குறைபாடு, வலிப்பு, கற்றல் குறைபாடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது 2 முதல் 6 வயதுக்குள் இருந்தவர்களில் 9.2 சதவீதம் பேருக்கும், 6 முதல் 9 வயதில் 13.6 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு பிரச்சினை இருந்தது. அந்த ஐந்து இடங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனாலும் 40 பிள்ளைகள் இருக்கும் ஒரு மூன்றாம் வகுப்பில் ஐந்து பேர் என்று வைத்து யோசித்துப் பாருங்கள். பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் பலர் இந்தக் கணக்கை மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, புறணி என்பது என்ன? பெருமூளையை மூடியிருக்கும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாம்பல் நிற உறைதான் அது. டாக்டர்கள் கார்டெக்ஸ் என்பார்கள். கேட்ட சொல்லைப் புரிந்துகொள்வது, பதில் பேசுவது, யோசித்துச் செய்வது, அம்மா முகத்தைப் பார்த்தே அவர் கோபமாக இருக்கிறாரா என்று கண்டுகொள்வது எல்லாவற்றுக்கும் இது வேண்டும். மடிப்புகளை நீவி விரித்தால் சுமார் 2000 சதுர சென்டிமீட்டர் வரும். மனித மூளையின் ஏறத்தாழ 8600 கோடி நரம்பணுக்களில் 1600 கோடி இங்கேதான் இருக்கின்றன. அவை ஆறு அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. நான்காம் அடுக்கு கண், காது, தோலிலிருந்து வரும் செய்திகளை வாங்குகிறது. ஐந்தாம் அடுக்கு தண்டுவடத்துக்குக் கட்டளை அனுப்புகிறது. மேலே உள்ள இரண்டாம், மூன்றாம் அடுக்குகள் புறணியின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கின்றன. மனிதர்களிடம் மிகவும் பெருத்திருப்பவை இந்த மேலடுக்குகள்தான்.

இந்த வேலை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கரு உருவாகி 28 நாளுக்குள், பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் நரம்புக் குழாய் மூடிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போய் அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே உறுதியாகியிருக்காது. குழாயின் மேல்முனை மூடாவிட்டால் மூளையே முழுதாக உருவாகாது. கீழே மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு ஏற்படும். ஃபோலிக் அமிலம் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும் என்பது 1990-களிலேயே உறுதியான உண்மை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து அட்டை வாங்கிய பிறகு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால் இந்தக் கட்டம் தாண்டிப் போயிருக்கும். குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்த நாளிலிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். புதுமணத் தம்பதிக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் மொய் எழுதும் எத்தனையோ பேரில் ஒருவராவது சொல்கிறார்களா?

குழாய் மூடிய பிறகு அதன் உட்சுவரில் உள்ள மூல அணுக்கள், அதாவது நரம்பணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள், பெருகுகின்றன. முதலில் ஒன்று இரண்டாகப் பிரிந்து மூல அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மூல அணுவும் ஒரு நரம்பணுவும் என்று வெளியே வரும். மூல அணுக்கள் எத்தனை சுற்று பெருகுகின்றன என்பதைப் பொறுத்துத்தான் புறணி எவ்வளவு பரந்து விரியும் என்பது அமைகிறது. பாஸ்கோ ராகிச் என்ற நரம்பியலாளர் 1988-ல் முன்வைத்த இந்தக் கருத்துதான் இன்றும் அடிப்படையாக இருக்கிறது.

பெருகுவது குறைந்துபோனால் தலையும் மூளையும் சிறிதாகிவிடும். 2015, 2016-ல் பிரேசிலில் ஜிகா வைரஸ் தாக்கிய கர்ப்பிணிகளின் பிள்ளைகளுக்கு நேர்ந்தது இதுதான். வைரஸ் நேராக அந்த மூல அணுக்களைத் தாக்கியது. பிறவியிலேயே வரும் சிறுதலைக்குப் பெரும்பாலும் ஜீன்கள் காரணம். ஏஎஸ்பிஎம் என்ற ஜீன் அவற்றில் முக்கியமானது. அணு பிரியும்போது நேராகப் பிரிவதற்கு அது உதவுகிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் நோய் வரும்.

இங்கேதான் சொந்தத்தில் கல்யாணம் என்ற பேச்சு வருகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் உறவுக்குள் மணமானவர்கள். இந்தியாவிலேயே இது மிக அதிகமான அளவுகளில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே பிரதி இரட்டையாக அமையும் வாய்ப்பு ஒவ்வொரு ஜீனிலும் 16-ல் 1. அக்கா மகளைக் கட்டினால் 8-ல் 1. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உறவில் மணந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளே பிறக்கிறார்கள். ஆனால் முதல் பிள்ளைக்குக் காரணம் தெரியாத வளர்ச்சிக் குறைபாடு இருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது அவசியம். சொத்து வெளியே போகக் கூடாது என்று கல்யாணத்தைப் பேசி முடித்த பெரியவர்கள், பிள்ளை பிறந்த பிறகு மருமகளை மட்டும் கைகாட்டுவது நியாயமே இல்லை.

பிறந்த நரம்பணுக்கள் உட்சுவரிலேயே தங்க முடியாது. மேற்பரப்புக்குப் பயணம் போக வேண்டும். இந்த வளர்ச்சி முழுவதிலும் என்னை மிகவும் வியக்க வைக்கும் பகுதி இதுதான். மூல அணு ஒவ்வொன்றும் உட்சுவரிலிருந்து மூளையின் வெளி விளிம்பு வரை ஒரு நீண்ட இழையை நீட்டி வைத்திருக்கும். பந்தல் கம்பைப் பற்றி அவரைக் கொடி ஏறுவதுபோல, புதிதாகப் பிறந்த நரம்பணு அந்த இழையைப் பற்றிக்கொண்டு மேலே போகிறது. முதலில் கிளம்பியவை ஆறாம், ஐந்தாம் அடுக்குகளில் நின்றுவிடும். அடுத்து வருபவை அவற்றைத் தாண்டிப் போய் நான்காம் அடுக்காகும். கடைசியில் வருபவை எல்லோரையும் தாண்டி மேலே சென்று இரண்டாம் அடுக்கில் அமரும். கருவின் எட்டாவது வாரவாக்கில் வேகம் பிடிக்கும் இந்தப் பயணம் ஆறாவது மாதத்துக்குள் பெருமளவு முடிந்துவிடும். போதும், இங்கேயே நில் என்று அணுக்களுக்குச் சொல்லும் ரீலின் என்ற புரதத்தை விளிம்பில் உள்ள வேறு அணுக்கள் சுரக்கின்றன. 1951-ல் தள்ளாடி நடக்கும் ஒரு வகை எலியில் தொடங்கிய ஆராய்ச்சி 1995-ல் ரீலினை உண்டாக்கும் ஜீனைக் கண்டுபிடித்தது. அந்த எலிகளின் புறணியில் அடுக்குகள் ஏறக்குறைய தலைகீழாக இருந்தன.

மனிதர்களில் இந்தப் பயணம் தடைப்பட்டால் என்ன ஆகும்? எல்ஐஎஸ்1 என்ற ஜீனில் பிழை இருந்தால் அணுக்கள் பாதி வழியிலேயே தேங்கிவிடும். மூளையில் மடிப்பே விழாமல் வழவழவென்று ஆகிவிடும். டபுள்கார்டின் என்ற ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் பிழை உள்ள ஆண் பிள்ளைக்கு மூளை மடிப்பில்லாமல் போகிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒரு பங்கு அணுக்கள் சரியாக மேலே போய்விடும், மிச்சம் நடுவில் நின்று இன்னொரு பட்டையாகப் படிந்துவிடும். ஸ்கேனில் பார்த்தால் புறணிக்குக் கீழே இரண்டாவது புறணி ஒன்று தெரியும். இப்படிப்பட்டவர்களுக்கு வலிப்பு மாத்திரையால் எளிதில் அடங்குவதில்லை. ஊரில் பேய் பிடித்ததாகச் சொல்லி வேப்பிலை அடித்துக்கொண்டிருக்கும் சில வலிப்புகளுக்குப் பின்னால், நான்காவது மாதத்தில் வழியில் நின்றுபோன அணுக்கூட்டம் ஒன்று இருக்கலாம். புறணியின் ஒரு சிறிய துண்டில் மட்டும் அடுக்கு குலைந்திருந்தால் அறுவை சிகிச்சையால் வலிப்பே நின்றுபோன நோயாளிகளும் இருக்கிறார்கள்.

ஐந்தாம் மாதத்தில் ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் நார்மல் என்றுதானே சொன்னார்கள் என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அந்த ஸ்கேனின்போது எல்லாக் குழந்தைகளின் மூளையும் கிட்டத்தட்ட வழவழப்பாகவே இருக்கும். மடிப்புகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் விழுகின்றன. அந்த ஸ்கேனில் தெரியாமல் போனதற்கு ஸ்கேன் எடுத்தவரையோ தாயையோ குறை சொல்ல முடியாது.

அணுக்களின் பயணத்துக்குத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். கருவின் தைராய்டு சுரப்பி ஐந்தாவது மாதவாக்கில்தான் போதிய அளவு வேலை செய்யத் தொடங்குகிறது. அதுவரை தாயின் ஹார்மோன்தான் குழந்தைக்கும். அதைச் செய்ய அயோடின் தேவை. 2018-19-ல் நடந்த தேசிய அயோடின் ஆய்வில், போதுமான அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் சுமார் 62 சதவீதம். மாநிலங்களிலேயே அதுதான் கடைசி இடம். நாட்டுக்கே உப்பு அனுப்பும் மாநிலத்தில் இந்த நிலை. வாசலில் மூட்டையில் வரும் கல்லுப்பை வாங்குவதில் தவறில்லை. அதில் அயோடின் கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். மாசமான பெண்ணுக்குத் தைராய்டு பரிசோதனை செய்வதும் இதற்காகத்தான்.

புறணியில் ஐந்தில் ஒரு பங்கு நரம்பணுக்கள் மற்றவற்றை அடக்கி வைக்கும் வேலையைச் செய்கின்றன. அவை வேறு இடத்தில், மூளையின் அடிப்பகுதியில் பிறந்து பக்கவாட்டில் நீண்ட தூரம் நகர்ந்து வந்து சேருகின்றன. தூண்டும் அணுக்களுக்கும் அடக்கும் அணுக்களுக்கும் இடையிலான சமநிலை குலைந்தால் வலிப்பு வரும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு வலிப்பும் சேர்ந்து வருவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கருவில் நடக்கும் இவ்வளவையும் பார்த்தவர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. அந்தக் குறையைப் போக்கும் வேலை ஒன்று நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. ஐஐடி மெட்ராசின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், 14 முதல் 24 வாரம் வரையான கருக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக அறுத்து, 5132 சீவல்களைப் படம் எடுத்து, முப்பரிமாண வரைபடமாக 2024 டிசம்பரில் வெளியிட்டது. அதற்கு தரணி என்று பெயர். உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நான் மேலே சொன்ன பயணம் நடுவழியில் இருக்கும் வாரங்கள்தான் அதில் பதிவாகியிருக்கின்றன. மூளை பற்றிய பெரிய வேலை எல்லாம் வெளிநாட்டில்தான் நடக்கும் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பதால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இனி ஆட்டிசம். இதற்குத் தனியாக ஒரு ஜீன் கிடையாது. 2020-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு மட்டும் 102 ஜீன்களை அடையாளம் காட்டியது. இத்தனை ஜீன்களும் எங்கே, எப்போது வேலை செய்கின்றன என்று தேடியபோது, 2013-ல் இரண்டு தனித்தனி ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே இடத்தை வந்தடைந்தன. கருவின் நடு மாதங்களில் புறணியில் உருவாகிக்கொண்டிருக்கும் தூண்டும் நரம்பணுக்கள்தான் அந்த இடம். பிள்ளை பிறந்து, செல்போன் பார்த்து, அம்மா வேலைக்குப் போவதற்கெல்லாம் ஓராண்டுக்கும் மேல் முந்தைய கதை இது. எங்கள் பரம்பரையில் இப்படி யாரும் இல்லை என்ற வாதமும் இங்கே நிற்காது. இந்த மாற்றங்களில் பல, தாய்க்கும் இல்லாமல் தந்தைக்கும் இல்லாமல், விந்தணுவிலோ முட்டையிலோ புதிதாகத் தோன்றுபவை. தந்தையின் வயதில் ஓர் ஆண்டு கூடினால் அப்படிப்பட்ட புதிய மாற்றங்கள் சராசரியாகச் சுமார் இரண்டு கூடுகின்றன என்று 2012-ல் ஐஸ்லாந்தில் கணக்கிட்டார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றால் ஒரு தீங்கும் இல்லை. தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் கைக்குழந்தைகளைத் தொடர்ந்து ஸ்கேன் செய்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. பின்னால் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளின் புறணிப் பரப்பு 6 முதல் 12 மாதத்துக்குள் மற்றவர்களைவிட வேகமாக விரிந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கண் பார்த்துச் சிரிக்காதது போன்ற அடையாளங்கள் தெளிவாகத் தெரிவது அதற்குப் பிறகுதான். ஆனால் இது பல பிள்ளைகளின் சராசரியை ஒப்பிட்டுச் சொல்வது. ஒரு தனிப் பிள்ளையை ஸ்கேன் எடுத்து ஆட்டிசம் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. கடன் வாங்கி எம்.ஆர்.ஐ. எடுத்து, நார்மல் என்று வந்ததும் அப்படியானால் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சிகிச்சையை நிறுத்திவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பெரும்பாலான பிள்ளைகளின் எம்.ஆர்.ஐ. வழக்கமான அறிக்கையில் நார்மலாகவே வரும். வித்தியாசம் நரம்பிணைப்பு அளவில் இருக்கிறது, அதைக் காட்டும் திறன் அந்த ஸ்கேனுக்கு இல்லை. பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடிக் கவனிக்கும் மருத்துவர்தான் ஆட்டிசத்தைக் கண்டறிகிறார்.

தடுக்கக்கூடிய காரணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வலிப்புக்காகத் தரப்படும் வால்ப்ரோயேட் மாத்திரையை கர்ப்பத்தில் எடுத்தால் நரம்புக் குழாய்க் குறைபாடும் ஆட்டிசமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. 2013-ல் டென்மார்க்கில் செய்த ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களின் பிள்ளைகளில் ஆட்டிச வகைப் பாதிப்பு 4.4 சதவீதம், பொதுவாக 1.5 சதவீதம் என்று வந்தது. அதற்காகப் பயந்துபோய் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் வலிப்பில் தாயின் உயிரே போகலாம். திருமணப் பேச்சு எடுக்கும்போதே நரம்பியல் மருத்துவரிடம் போய் வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கும் பழக்கம்தான் இதற்குப் பெரிய தடை.

கடைசி மூன்று மாதத்தில் புறணி மடிகிறது. வெளியிலிருந்து வரும் நரம்பிழைகள் வந்து இணைகின்றன. 34 வாரத்தில் குழந்தையின் மூளை எடை, 40 வாரத்து எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். எட்டு மாதத்தில் பிறந்தாலும் பிழைத்துக்கொண்டது என்று நிம்மதி அடைகிறோம். அந்தக் குழந்தையின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனிக்க மறந்துவிடுகிறோம். குழந்தைத் திருமணம் இன்னும் ஓயாத மாவட்டங்கள் இவை. 17 வயதில் பிள்ளை பெறும் பெண்ணுக்குக் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் வரும் வாய்ப்பு அதிகம். அவளுக்கு ரத்தசோகையும் சேர்ந்திருந்தால் குழந்தைக்குப் போகும் இரும்புச்சத்தும் குறையும். நரம்பிழைகளுக்கு உறை போடும் வேலைக்கு இரும்பு வேண்டும். மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல், நல்ல நட்சத்திரத்துக்காக 37-ம் வாரத்திலேயே சிசேரியனுக்கு நாள் குறிப்பதையும் இந்த இடத்தில் கேள்வி கேட்க வேண்டும். 39 வாரம் முடியட்டும்.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு கேள்வி ஃப்ளோரைடு. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பெரியவர்களின் பல்லில் உள்ள காவிக் கறையைப் பார்த்தாலே போர் தண்ணீரின் கதை தெரியும். இந்தியத் தர அளவின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். பாறை நிறைந்த இந்த நிலத்தின் பல கிணறுகளில் அது அந்த வரம்பைத் தாண்டுகிறது. அதனால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் தொடங்கி வைத்தார்கள். அதன் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பு இருக்கிறது. அப்போது பேசப்பட்டது பல், எலும்பு பற்றி. 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்ட அறிக்கை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள நீருக்கும் பிள்ளைகளின் ஐ.க்யூ. குறைவதற்கும் தொடர்பு இருப்பதாக மிதமான உறுதியோடு சொல்கிறது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளும் அதில் அடங்கும். இது ஆட்டிசம் பற்றிய முடிவு இல்லை. ஃப்ளோரைடு புறணியில் இன்ன அடுக்கை இப்படிக் கெடுக்கிறது என்று யாரும் காட்டிவிடவும் இல்லை. ஆனாலும் கர்ப்பிணியும், பால்பொடி கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தையும் ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்க இது போதுமான காரணம் என்பது என் கருத்து. சமைக்கவும் அதே தண்ணீர்தான் வேண்டும். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டினால் அடர்த்திதான் கூடும். குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களைப் பற்றி ஊராட்சியில் கேள்வி கேட்கும்போது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

பிறந்த பிறகு நரம்பணு எண்ணிக்கை புறணியில் பெரிதாகக் கூடுவதில்லை. கூடுவது இணைப்புகள். பீட்டர் ஹட்டன்லாக்கர் என்பவர் 1979-ல் தொடங்கி நுண்ணோக்கியின் கீழ் நரம்பிணைப்புகளை எண்ணி, பிள்ளைப் பருவத்தில் அவை பெரியவர்களைவிட மிக அதிகமாக இருப்பதையும் பிறகு குறைவதையும் காட்டினார். பார்வைக்கான பகுதியில் இணைப்புகள் முதல் வயதுக்குள் உச்சத்தைத் தொடுகின்றன. திட்டமிடும் முன்பகுதியில் உச்சம் பிந்தி வருகிறது, அங்கே குறைப்பது இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. பயன்படும் இணைப்பு நிலைக்கும், பயன்படாதது போகும். ஃப்ராஜைல் எக்ஸ் என்ற பரம்பரைக் கோளாறில் இந்த இணைப்புகள் முதிராமல், அளவுக்கு மேல் தங்கிவிடுகின்றன. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் புறணி தடிமனின் உச்சத்தைத் தொடும் வயது 10.5, மற்ற பிள்ளைகளில் 7.5 என்று 2007-ல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. இடைவெளி மிக அதிகமாக இருந்தது கவனத்தைக் கட்டுப்படுத்தும் முன்பகுதியில். ஓரிடத்தில் உட்கார முடியாத எட்டு வயதுப் பையனை முட்டி போட வைக்கும் ஆசிரியருக்கு இந்த ஒரு தகவல் போய்ச் சேர்ந்தால் போதும்.

இன்னொரு பழியும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, வேப்பனப்பள்ளி வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசுவார்கள், தெருவில் தமிழ். பிள்ளைக்குப் பேச்சு தாமதமானால் இரண்டு மொழி கேட்டுக் குழம்பிவிட்டது என்று சொல்லி வீட்டு மொழியை நிறுத்தச் சொல்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசமோ மொழிக் குறைபாடோ வருவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் இரண்டு மொழி கற்கிறார்கள். தனக்குச் சரளமாக வராத மொழியில் தாய் தட்டுத் தடுமாறிப் பேசினால் பிள்ளை கேட்கும் பேச்சுதான் குறையும். செல்போன் கதையும் இப்படித்தான். அது ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் பிள்ளை முன் நாள் முழுக்க அது ஓடினால் மனிதர்கள் பேசும் நேரம் அதில் போய்விடுகிறது, இணைப்புகள் உருவாகும் வயதில் அந்த நேரம் முக்கியம். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று 1998-ல் சொன்ன கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது.

அதனால் ஐந்து வயது வரட்டும், பள்ளிக்கூடம் போனால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதுதான் நான் அஞ்சுவது. ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பவில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை, வந்த பேச்சு நின்றுபோனது என்றால் உடனே காட்ட வேண்டும். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். டீச்சரிடம் அவர்கள் வரும் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, பிசியோதெரபி அங்கே இலவசம். கடினமான வலிப்பு, மரபணுச் சந்தேகம் என்றால் பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் மருத்துவமனை இருக்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் வருகின்றன, அடையாள அட்டை வாங்க உரிமை உண்டு. பயிற்சியால் ஆட்டிசம் மறைந்துவிடாது. தன் தேவையைச் சொல்ல, தானே சாப்பிட, வகுப்பில் இருக்கப் பல பிள்ளைகளால் கற்றுக்கொள்ள முடியும். இணைப்புகள் வேகமாக மாறும் வயதில் தொடங்கினால் அது எளிது.

எங்கே போனாலும் முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு ஆட்டிசமா என்று ஓடுவதற்கு முன் காது கேட்கிறதா என்று தெரிய வேண்டும். பிறவிச் செவிடும் உறவுத் திருமணத்தில் அதிகம் வருவது. ஒலியே வராத செவிப் புறணி சும்மா இருக்காது. பார்வையும் தொடுவுணர்வும் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். காது கேட்பதற்காக அறுவை சிகிச்சையில் உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவியை மூன்றரை வயதுக்குள் பொருத்தினால் செவிப் புறணி ஏறக்குறைய இயல்பாகப் பழகிக்கொள்கிறது, ஏழு வயதுக்குப் பிறகு பெரும்பாலும் முடிவதில்லை. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த அறுவை சிகிச்சை இலவசம். பச்சிளம் குழந்தைக்கான காது பரிசோதனை வலிக்காது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே கேட்டு வாங்கலாம்.